தொண்டைப் பாடமாக்கிய ஆசான்: உத்கலமணி கோபபந்து தாஸ்

ஆஷாட மாதத்தில் புரி நகரின் அகன்ற வீதியில் ஜகந்நாதரின் தேர் புறப்படும். அதைக் காண்பதற்காகப் பாரதத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் பக்தர்கள் வருவர். 1897-ஆம் ஆண்டில் புரிக்கு ரயில் பாதை வரும்வரை அவர்களுள் பெரும்பாலோர் கால்நடையாகவும் மாட்டு வண்டிகளிலுமே வந்தனர். பல வாரங்கள் நடந்து களைத்த உடல், அரைவயிற்று உணவு, விடாத மழை, நெரிசலான சத்திரங்கள், அசுத்தமடைந்த குளங்கள், கிணறுகள் என எல்லாம் ஒன்றுசேர, திருவிழாவோடு வாந்திபேதி என்ற காலரா நோயும் வந்து சேர்ந்தது. இந்நோய் நீர் வழியே பரவுகிறது என்பதை 1884-ல் கல்கத்தாவில் ஆய்வு செய்த ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் எடுத்துக்காட்டியிருந்தார். ஆயினும் அந்த அறிவு அன்றைய யாத்திரிகனின் குடிநீர்ச் செம்பு வரை சென்று சேரவில்லை.

இறைவனைத் தரிசிக்க வந்தவர்களுள் பலர் வழியோரத்திலும் சத்திரத் திண்ணையிலும் விழுந்து கிடந்தனர். உடன் வந்தவர்களே நோய்க்கு அஞ்சி விலகிச் சென்றதும் உண்டு. அரசினர் செய்த ஏற்பாடுகள் போதுமானவையாக இல்லை. அத்தகைய ஒரு காலத்தில் புரி ஜில்லா பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், தம் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு நோயாளிகளிடம் சென்றார். பிற்காலத்தில் ஒடிசா மக்களால் உத்கலமணி என்று போற்றப்பட்ட கோபபந்து தாஸே அந்த மாணவர்.

தாயில்லாப் பிள்ளை

கோபபந்து 1877-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள், புரி மாவட்டத்தில் சாட்சிகோபாலுக்கு அருகிலுள்ள சுவாண்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தைதாரி தாஸ். தாய் ஸ்வர்ணமயி தேவி. குழந்தை பிறந்த சில நாட்களிலேயே தாய் காலமானார். பிள்ளைப்பேறில்லாத விதவையான அத்தை கமலா, அக்குழந்தையைத் தம் குழந்தையாகவே வளர்த்தார். பெற்றவள் அல்லாத ஒருத்தியின் அன்பில் வளர்ந்த அவர், பிற்காலத்தில் உறவு என்ற சொல்லுக்கு இரத்த சம்பந்தம் என்பதைவிட விரிந்த பொருள் கண்டதில் வியப்பில்லை.

அவர் பிறப்பதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன், 1866-ல், ஒடிசாவைக் கொடும் பஞ்சம் தாக்கியிருந்தது. சுமார் பத்து லட்சம் மக்கள், அதாவது அன்றைய ஒடிசா மக்களில் மூன்றில் ஒரு பங்கினர், அதில் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. அந்தப் பஞ்சத்தின் நினைவு ஆறாத புண்ணாக இருந்த கிராமங்களிடையேதான் கோபபந்து தம் இளமையைக் கழித்தார். அக்கால வழக்கப்படி பன்னிரண்டாம் வயதிலேயே அவருக்குத் திருமணமும் நடந்தது. மனைவியின் பெயர் ஆப்தி.

மாணவர்களின் சேவா சமிதி

1893-ல் கோபபந்து புரி ஜில்லா பள்ளியில் சேர்ந்தார். அங்கே முக்தியார் ராமசந்திர தாஸ் என்ற பெரியவரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. நாட்டுப்பற்றும் தொண்டு உள்ளமும் கொண்ட அப்பெரியவர் இளைஞர்களின் உள்ளத்தில் ஒரு பொறியை இட்டார். காலரா பரவியபோது அது கனலாயிற்று. கோபபந்துவும் அவருடைய தோழர்களும் புரி சேவா சமிதி என்ற தொண்டர் படையை அமைத்தனர்.

காலரா நோயாளிக்குப் பணிவிடை செய்வது எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சில மணி நேரத்திற்குள் உடலிலுள்ள நீரெல்லாம் வற்றிப்போகும் நோய் அது. நோயாளி தன் நினைவில் இருக்கும்போதே கைகால்கள் குளிர்ந்து, கண்கள் குழிவிழுந்துவிடும். அவரைத் தொட்டுத் தூக்கவேண்டும், அசுத்தத்தைத் துடைக்கவேண்டும், நாவில் நீர் விடவேண்டும், பல நேரங்களில் அவர் கண்மூடும்வரை அருகில் அமர்ந்திருக்கவேண்டும். இரத்தத்தில் உப்புநீரைச் செலுத்திப் பிழைக்கவைக்கும் முறை அன்று சாதாரண மருத்துவமனைகளுக்குக்கூட வரவில்லை. ஆதலால் அந்த மாணவர்களிடம் இருந்தவை தண்ணீரும் துணியும் இரண்டு கைகளுமே.

இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்யும் பொறுப்பையும் அவர்கள் ஏற்றனர். இது உடலுழைப்பு மட்டும் சார்ந்த வேலையாக இருக்கவில்லை. இன்னாரென்றும் இன்ன குலத்தாரென்றும் தெரியாத ஒருவரின் சடலத்தைத் தொடுவது பெரும் தீட்டாகக் கருதப்பட்ட காலம் அது. ஆசாரமான பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒரு மாணவன் அப்படிச் செய்தால் வீட்டாரும் ஊராரும் முகம் சுளிப்பர். நோய் தொற்றிவிடும் என்ற அச்சம் ஒருபுறம். சமூகம் ஒதுக்கிவிடும் என்ற அச்சம் மறுபுறம். அந்த இரண்டு அச்சங்களையும் கடந்துதான் அப்பிள்ளைகள் சவத்தைத் தோளில் சுமந்தனர். அவர்களுடைய பணி, பின்னர் புரியில் காலரா நோயாளிகளுக்கெனத் தனி மருத்துவமனை ஒன்று அமையவும் வழிவகுத்தது. பெரியவர்கள் செய்யத் தயங்கியதைச் சிறுவர்கள் செய்துகாட்டியபோது, அதற்குப் பின் யாரும் சாக்குப்போக்குச் சொல்ல இடமில்லாமற் போயிற்று.

வெள்ளமும் ஒரு தந்தையின் சோதனையும்

பள்ளிப் படிப்பை முடித்த கோபபந்து, கட்டக் நகரிலுள்ள ராவன்ஷா கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கர்த்தவ்ய போதினி சமிதி என்ற அமைப்பைத் தொடங்கினார். கடமையை உணர்த்தும் சங்கம் என்பது அதன் பொருள். நாட்டின் துன்பங்களைப் பற்றித் தோழர்கள் கூடிப் பேசவேண்டும். பேசியதோடு நில்லாமல் அவற்றைத் தீர்க்கச் செயலில் இறங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஒடிசாவின் கரையோர மாவட்டங்கள் மகாநதியும் அதன் கிளையாறுகளும் கொண்டு வந்து சேர்த்த வண்டல் மண்ணால் ஆனவை. அந்த மண்ணுக்கு வளம் தந்த ஆறுகளே மழைக்காலத்தில் கரையை உடைத்துக்கொண்டு ஊர்களை விழுங்கும். அவ்வாறு வெள்ளம் வந்த ஒரு சமயம், கோபபந்து தொண்டர்களை அழைத்துக்கொண்டு நிவாரணப் பணிக்குச் சென்றார். அந்நேரத்தில் அவருடைய மகன் கடும் நோயுற்றிருக்கிறான் என்ற செய்தி வந்தது. வீடு திரும்பும்படி அருகிலிருந்தவர்கள் கூறியிருப்பர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பலர் இருக்கின்றனர்; வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கோ எவருமில்லை; பிள்ளையை ஜகந்நாதர் காப்பார் என்று அவர் முடிவு செய்தார். வெள்ளப் பகுதியிலேயே தங்கிவிட்டார். அம்மகன் பிழைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியைப் படிப்பவர்களின் உள்ளம் இருவிதமாக அசையும். எத்தகைய தியாகம் என்று ஒருபுறம் தலைவணங்கும். தந்தை என்ற கடமை கடமையில்லையா என்று மறுபுறம் கேட்கும். அந்த இரண்டாவது கேள்வியைத் தவறென்று ஒதுக்குவதற்கில்லை. குழந்தையின் அருகில் தனியாக நின்ற தாயின் துயரத்தை எந்தப் புகழும் ஈடுசெய்யாது. எல்லாரும் அவ்வாறு செய்யவேண்டும் என்று கோபபந்து விதி வகுக்கவும் இல்லை. தம் பிள்ளை, பிறர் பிள்ளை என்ற வேற்றுமையை உண்மையாகவே கடந்த ஒருவர் செலுத்திய விலை அது. அந்த விலையை அவர் வேறு யாரிடமும் கேட்கவில்லை என்பதே நினைவில் கொள்ளத்தக்கது.

1904-ல் பட்டம் பெற்ற பின், சட்டம் பயிலக் கல்கத்தா சென்றார். அங்கே கூலி வேலைக்கு வந்திருந்த ஒரிய மக்களின் நிலை கண்டு, அவர்களுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். சட்டத் தேர்வில் வெற்றி பெற்ற செய்தியும் மனைவி ஆப்தி காலமான செய்தியும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. அவருடைய மூன்று ஆண் குழந்தைகளும் அதற்கு முன்பே இறந்திருந்தனர். எஞ்சியவர்கள் இரு பெண் குழந்தைகள். அவர்களைத் தம் தமையனாரிடம் ஒப்படைத்து, குடும்பச் சொத்தில் தமக்குரிய பங்கையும் அவருக்கே விட்டுக்கொடுத்தார் கோபபந்து. அப்போது அவருக்கு வயது 28.

மகிழ மரத்தடியில் ஒரு பள்ளி

சில காலம் ஆசிரியராகவும் மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் வழக்கறிஞராகவும் பணியாற்றிய அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றி வளர்ந்துகொண்டிருந்தது. புரியில் தாமும் தோழர்களும் பள்ளிப் பருவத்தில் செய்த தொண்டு, ஓர் ஆர்வத்தின் எழுச்சியாக நிகழ்ந்தது. அதுவே ஒரு பள்ளியின் அன்றாட வாழ்க்கையாக அமைந்தால் எப்படியிருக்கும்? படிப்பு தனி, தொண்டு தனி என்றில்லாமல், ஒன்றின் வழியே மற்றொன்றைக் கற்கும் பிள்ளைகள் எத்தகையவர்களாக வளர்வர்? இந்த வினாக்களுக்கு விடையாக 1909-ல் சாட்சிகோபாலில் சத்தியவாதி பள்ளி தோன்றியது.

சத்தியவாதி என்பது அவ்வூரின் மற்றொரு பெயர். ஏழை பக்தன் ஒருவனுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு மீறப்பட்டபோது, அவனுக்காகச் சாட்சி சொல்ல பிருந்தாவனத்திலிருந்து கோபாலனே நடந்து வந்தான் என்பது தல வரலாறு. சொன்ன சொல்லைக் காக்கத் தெய்வமே நடந்து வந்த ஊரில், உண்மை பேசவும் உண்மையாக நடக்கவும் பிள்ளைகளைப் பழக்குவது பொருத்தம்தானே!

கோபபந்துவுடன் நீலகண்ட தாஸ், கோதாவரீஷ் மிஸ்ரா, ஆசார்ய ஹரிஹர தாஸ், கிருபாசிந்து மிஸ்ரா ஆகியோர் தோள் கொடுத்தனர். ஒடிசாவின் பழைய பக்திக் கவிஞர்கள் ஐவரைப் பஞ்சசகர்கள் என்பர். அதே பெயரால் இந்த ஐவரையும் மக்கள் அழைக்கத் தொடங்கினர். இவர்களுள் உயர்ந்த பட்டம் பெற்றவர்களுக்கு அரசுப் பதவிகள் எளிதில் கிடைத்திருக்கும். அவற்றை நாடாமல் சிறிய ஊதியத்தில் ஆசிரியர்களாக வந்தனர்.

மகிழ மரங்களும் சுரியானா மரங்களும் அடர்ந்த தோப்பின் நிழலில் வகுப்புகள் நடந்தன. அதனால் வன வித்யாலயம் என்ற பெயர் ஏற்பட்டது. ஆசிரியர்கள் மாணவர்களுடனேயே தங்கினர். கணிதமும் ஆங்கிலமும் வரலாறும் கற்பித்ததோடு, உடலுழைப்பையும் கற்பித்தனர். மாணவர்களைக் கால்நடையாகப் பழைய தலங்களுக்கு அழைத்துச் சென்றனர். அத்தகைய பயணங்களின் பயனாகவே நீலகண்ட தாஸின் கோணார்க்கம் பற்றிய காவியம் பிறந்தது.

பள்ளியின் உயிர்நாடியாக இருந்தது தொண்டு. சுற்றுப்புறக் கிராமத்தில் காலரா என்று செய்தி வந்தால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து சென்றனர். வெள்ளம், பஞ்சம் ஆகிய காலங்களில் துன்புற்றவர்களிடையே பணியாற்றினர். முன்பு புரியில் கோபபந்துவும் தோழர்களும் துணிந்து செய்ததை இப்போது ஒரு பள்ளியே செய்தது. இதில் கவனிக்கத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. ஆசிரியர் கட்டளையிட்டு மாணவரை அனுப்பவில்லை, முன்னே நடந்தார். நோயாளியின் அருகில் அமர்ந்த ஆசானைக் கண்ட மாணவனுக்கு, சேவையைப் பற்றித் தனியாக ஒரு சொற்பொழிவு தேவைப்படவில்லை.

தீ வைத்தவர்களும் அணையாத விளக்கும்

சத்தியவாதியில் எல்லாச் சாதி மாணவர்களும் ஒன்றாக அமர்ந்து படித்தனர், ஒன்றாக உண்டனர். சாட்சிகோபாலைச் சுற்றியிருந்தவை ஆசாரத்தில் ஊறிய பிராமணக் குடியிருப்புகள். பலருக்கு இது பொறுக்கவில்லை. பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் அதன் கூரைக் கட்டடத்திற்குத் தீ வைக்கப்பட்டது.

கூரை எரிந்ததே தவிரப் பள்ளி எரியவில்லை. மரத்தடிகள் இருந்தன, ஆசிரியர்கள் இருந்தனர். தீ வைத்தவர்களின் கிராமங்களும் சுற்றிலும் இருந்தன. அங்கே நோயும் வெள்ளமும் வந்தபோது மாணவர்கள் அங்கும் செல்லவேண்டியிருந்தது. தன்னை வெறுப்பவனுக்கும் தொண்டு செய்யக் கற்பது எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம். காலப்போக்கில் சத்தியவாதியின் புகழ் ஒடிசாவின் எல்லைக்கு அப்பாலும் பரவியது. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி இப்பள்ளியைப் பார்வையிட்டுப் பாராட்டினார்.

பஞ்சத்தின் குரல்

1917 முதல் 1920 வரை கோபபந்து பீகார்-ஒரிசா சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். பல மாகாணங்களில் சிதறிக்கிடந்த ஒரிய மொழிப் பகுதிகளை ஒன்றுசேர்த்தல், வெள்ளத்திற்கும் பஞ்சத்திற்கும் நிலையான தீர்வு காணுதல், உப்பு காய்ச்சும் உரிமையை மக்களுக்கு மீட்டுத்தருதல், சத்தியவாதி முறையில் கல்வியைப் பரப்புதல் ஆகிய நான்கையே அவர் அங்கே மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். நிவாரணப் பணியில் கஞ்சி ஊற்றிய கைகளுக்கு, கஞ்சி மட்டும் போதாது என்பது தெரிந்திருந்தது. கரை ஏன் உடைகிறது, களஞ்சியம் ஏன் காலியாகிறது என்று கேட்பதும் தொண்டின் பகுதியே.

1919-ல் சமாஜ் என்ற வார இதழைத் தொடங்கினார். புரி மாவட்டத்தில் பஞ்சம் தலைகாட்டிய நேரம் அது. பஞ்சம் என்று ஒப்புக்கொள்ள அரசு தயங்கியது. கோபபந்து கிராமம் கிராமமாகச் சென்று கண்டதை இதழிலும் சட்டசபையிலும் எடுத்துரைத்தார். ஒடிசாவின் துயரம் காந்திஜியின் கவனத்திற்குச் சென்றது. 1920-ல் அவர் அனுப்பிய தக்கர் பாபா ஒடிசாவில் நிவாரணப் பணி புரிந்தார். 1921 மார்ச்சில் காந்திஜியே ஒடிசாவுக்கு வந்தார்.

ஒத்துழையாமை இயக்கம் பரவியபோது சத்தியவாதி அரசு அங்கீகாரத்தைத் துறந்து தேசியப் பள்ளியாயிற்று. இம்முடிவுக்கும் ஒரு விலை இருந்தது. அங்கீகாரமற்ற பள்ளியில் படித்த பிள்ளைக்கு அரசு வேலை கிடைக்காது, பெற்றோர் கவலைப்பட்டனர். உத்கல மாகாணக் காங்கிரஸின் முதல் தலைவராக இருந்த கோபபந்து 1922-ல் சிறை சென்றார். ஹஸாரிபாக் சிறையில் இருந்தபோது எழுதிய கவிதைகளில் தம் உடலும் எலும்பும்கூட நாட்டுக்குப் பயன்படவேண்டும் என்ற ஏக்கத்தையே பாடினார். 1924-ல் விடுதலையானபோது கட்டக்கில் நடந்த வரவேற்பில், விஞ்ஞானி ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் அவரை உத்கலமணி என்று போற்றினார். அப்பெயரே நிலைத்தது.

ஆயினும் சத்தியவாதி தளர்ந்துகொண்டிருந்தது. பணமில்லை; ஆசிரியர்கள் அரசியலிலும் சிறையிலும் சிதறினர். 1926-ல் பள்ளி மூடப்பட்டது. தாம் பெற்ற பிள்ளைகளை இழந்தவர், தாம் உருவாக்கிய பிள்ளையான பள்ளியையும் இழந்தார். ஆனால் தொண்டை விடவில்லை. வெள்ளப் பகுதிகளுக்குச் செல்வதையும் நிறுத்தவில்லை. லாலா லஜபதி ராய் நிறுவிய லோக் சேவக் மண்டலில் இணைந்து, 1928-ல் அதன் துணைத் தலைவரானார். அதன் கூட்டத்திற்காக லாகூர் சென்று திரும்பியவர் நோயுற்றார். 1928 ஜூன் 17 அன்று தம் ஐம்பதாவது வயதில் காலமானார். சமாஜ் இதழையும் அச்சகத்தையும் லோக் சேவக் மண்டலுக்கே எழுதி வைத்திருந்தார். அவர் கனவு கண்ட தனி ஒரிய மாகாணம், சென்னை மாகாணத்திலிருந்த கஞ்சம் பகுதியையும் சேர்த்துக்கொண்டு, 1936 ஏப்ரல் 1 அன்று பிறந்தது. அதைக் காண அவர் இல்லை.

இளைஞர்களுக்கு

பதினேழு ஆண்டுகளே நடந்த ஒரு பள்ளியைத் தோல்வி என்று கூறலாமா? அதிலிருந்து வெளிவந்த மாணவர்களும் ஆசிரியர்களும் ஒடிசாவின் இலக்கியத்திலும் விடுதலைப் போரிலும் பொதுப்பணியிலும் முன்னின்றனர். கட்டடம் அழிந்தாலும் பழக்கம் அழிவதில்லை. இளமையில் ஏற்பட்ட தொண்டுப் பழக்கமோ ஒருவரின் குணமாகவே மாறிவிடுகிறது.

மகாத்மாவின் நூற்றாண்டான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அது மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. மாணவர்கள் தெருக்களைச் சுத்தம் செய்கின்றனர், மரம் நடுகின்றனர், முகாம்களில் பணியாற்றுகின்றனர். இவை மகிழத்தக்கவை. அதே சமயம் சான்றிதழுக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் செய்யப்படும் சேவை, முகாம் முடிந்ததும் முடிந்துவிடுகிறது என்பதையும் நாம் காண்கிறோம்.

புரியில் சவம் சுமந்த மாணவர்களுக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. எதிரே ஒரு மனிதர் தாகத்தால் தவித்தார். அவர்கள் தண்ணீர் கொண்டு சென்றனர். இன்றும் நம் தெருவில் தனியே வாழும் முதியவர் இருக்கிறார். மருத்துவமனை வாயிலில் வழி தெரியாமல் நிற்கும் கிராமத்தவர் இருக்கிறார். பாடம் புரியாமல் பள்ளியை விட்டு நிற்கத் துடிக்கும் சிறுவன் இருக்கிறான். பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பினால் போதாது. சத்தியவாதியின் ஆசிரியர்களைப் போல் தாமும் உடன் செல்லவேண்டும். வாரத்தில் ஒரு மாலைப்பொழுதேனும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தகைய ஒருவரின் வாசலுக்குச் செல்வோமாக.